படியெடுத்தல் பாவமா?

“பார்த்து வரைவதில் என்ன பெருமை இருக்கிறது? சொந்தமாக ஒன்றும் தோன்றாதோ?”

கொரட்டூரில், எங்களுள் ஒருவரின் வீட்டு மாடியில், ஞாயிறு பிற்பகல்களில் கூடி எண்ணெய் வண்ண ஓவியம் பயின்றுவரும் எங்களைப் பார்த்து, சென்ற தவக்காலத்தில் நண்பர் ஒருவர் கேட்ட கேள்வி இது. அவருடன் வந்த மற்றொருவர் இன்னும் கூரிய வினா ஒன்றைத் தொடுத்தார்: “இந்தப் படத்தில் ஆண்டவர் எங்கே? இதைக் கோவிலில் மாட்ட முடியுமா?” மூன்றாமவர் தம் கைப்பேசியை எடுத்தார். நாங்கள் ஐந்து மாதங்களாக வரைந்துகொண்டிருந்த அதே ஓவியத்தை அரை நிமிடத்தில் தேடிக் காட்டி, “ஃபிளெக்ஸ் கடையில் கொடுத்தால் நாளைக் காலையில் பத்தடி அகலத்தில் கிடைத்துவிடுமே!” என்று நகைத்தார்.

மூவரும் நல்லவர்கள், திருப்பலி தவறாதவர்கள், பங்குப் பணிகளில் தோள் கொடுப்பவர்கள். ஆதலால்தான் அவர்களுடைய கேள்விகளைச் சிரித்துக் கடந்துவிட எங்களால் இயலவில்லை. முதலிரண்டும் கலையைக் கற்கும் முறையை அறியாமையால் எழுந்தவை. மூன்றாவதோ, நம் ஆலயங்களின் சுவர்களை இன்று அரித்துக்கொண்டிருக்கும் நோயின் குரல். மூன்றுக்கும் விடை கூறக் கடமைப்பட்டுள்ளோம்.

நாங்கள் படியெடுத்த ஓவியம்

செர்மானிய ஓவியர் கஸ்பார் டாவிட் ஃபிரீட்ரிக், பால்டிக் கடலோர நகரான கிரைஃப்ஸ்வால்டில் 1774இல் பிறந்து, 1840இல் திரெஸ்டனில் மறைந்தவர். 1808க்கும் 1810க்கும் இடையே அவர் தீட்டிய ‘கடலோரத் துறவி’ என்னும் ஓவியம் இன்று பெர்லினில் உள்ள பழைய தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. 110 சென்டிமீட்டர் உயரமும் ஏறத்தாழ 171 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட துணியில், அடியில் வெளிறிய மணல் திட்டு. அதற்கு மேல் கருத்த கடல், ஒரு பட்டை நாடா போல. மீதி முக்கால் பங்கிற்கும் மேலே வானம், வானம், வானம் மட்டுமே. மணலின் மேல், இடப்புறமாக, நமக்கு முதுகு காட்டி ஒரு துறவி நிற்கிறார். பெருவிரல் அளவுகூடத் தோன்றாத சிற்றுருவம். சில கடற்பறவைகள். வேறொன்றும் இல்லை.

இதை வரைவது எளிது என்று எண்ணியே நாங்கள் தொடங்கினோம். எங்களுக்குக் கற்பிப்பவர் முன்னாளில் திரைப்பட பேனர்கள் வரைந்தவர். அச்சிட்ட சிறிய நிழற்படத்தின்மேல் கட்டம் போட்டு, அதே கட்டங்களை நாற்பதடித் துணியில் பெரிதாக இழுத்து, முகத்தின் சாயல் சிறிதும் பிசகாமல் கொண்டுவரும் கலையில் தேர்ந்தவர். நாங்கள் அவரை ‘மாஸ்டர்’ என்றே அழைப்போம். ஃபிளெக்ஸ் வந்தபின் அவருடைய தூரிகைக்கு வேலை போயிற்று. பின்னர் சுவர் வண்ணம் பூசும் கூலி வேலைக்குச் சென்றார். இன்று முதுமையில், எங்கள் மாடிக்கு ஞாயிறுதோறும் வருகிறார்.

அவர் முதலில் எங்களுக்கு வண்ணமே கொடுக்கவில்லை. மரச்சட்டத்தில் துணியை இழுத்து ஆணியடிக்கவும், வெள்ளைப் பூச்சிட்டு உப்புத்தாளால் தேய்க்கவும் இரண்டு வாரங்கள் ஆயின. மூலத்தின் சரிபாதி அளவில் கட்டம் போட ஒரு வாரம். பிறகு பழுப்பு வண்ணத்தை டர்பன்டைனில் கரைத்து, வெளிச்சம் எங்கே, இருள் எங்கே என்று மட்டும் காட்டும் அடிப்பூச்சு. ஆளிவிதை எண்ணெய் குறைந்த வண்ணம் கீழே வரவேண்டும், மிகுந்த வண்ணம் மேலே வரவேண்டும். மாற்றிப் பூசினால் மேற்பரப்பு முன்னரே காய்ந்து, பின்னாளில் வெடித்துவிடும். எண்ணெய் வண்ணம் நீர் வண்ணத்தைப் போல் ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள உயிர்வளியை உட்கொண்டு மெல்ல மெல்ல இறுகுகிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழை நாள்களில் ஒரு பூச்சுக்கும் மறு பூச்சுக்கும் இடையே இரு வாரங்கள் காத்திருந்தோம். பொறுமை என்ற சொல்லுக்கு மறையுரைகளில் கேட்டறியாத பொருளை அந்த ஈரத் துணி எங்களுக்குக் கற்பித்தது.

ஒன்றுமில்லை என்று நாங்கள் நினைத்த வானத்திற்கே மூன்று மாதங்கள் சென்றன. நீலம் என்று கண்டது நீலமாக இல்லை. சாம்பல், அதனடியில் மங்கிய மஞ்சள், அதன்மேல் மேகத்தின் கருமை, உச்சியில் மீண்டும் ஒளி. துறவியை வரையப் பத்து நிமிடங்களே ஆயின. ஆனால், அவரை ஒரு விரலகலம் வலப்புறம் தள்ளி வைத்த எங்களுள் ஒருவரின் படத்தில் அந்தத் தனிமை முழுவதும் கலைந்துபோயிற்று. இதைச் சொல்லித் தெரிந்துகொள்ள முடியாது; கை தவறிச் செய்து, கண் கண்டு உணரவேண்டும்.

எங்களுள் இளையவர் ஒருவருக்கு அந்த வெறுமை பொறுக்கவில்லை. கடலின்மேல் ஒரு கட்டுமரத்தை வரைந்து வைத்தார். மாஸ்டர் ஒன்றும் சொல்லாமல் டர்பன்டைன் தோய்த்த கந்தையை அவர் கையில் கொடுத்தார். பின்னர் நாங்கள் படித்தறிந்த செய்தி எங்களை வியப்பில் ஆழ்த்தியது. பெர்லினில் அகச்சிவப்புக் கதிர் கொண்டு அந்த ஓவியத்தை ஆய்ந்தபோது, ஃபிரீட்ரிக் தாமே முதலில் அக்கடலில் கப்பல்களை வரைந்து, பின்னர் அவற்றை மூடிவிட்டிருந்தது தெரியவந்ததாம்! எங்கள் இளைஞர் செய்த தவற்றை இருநூறு ஆண்டுகளுக்கு முன் அந்தப் பேரோவியரும் செய்து, தாமே திருத்திக்கொண்டிருக்கிறார். பார்த்து வரைந்திராவிட்டால், அந்தத் திருத்தத்தின் விலை எங்களுக்கு விளங்கியிருக்குமா?

பார்த்து வரைவது திருட்டா?

தமிழ் கற்றோர் இக்கேள்வியைக் கேட்பது விந்தையே. முதல் நூல், வழி நூல், சார்பு நூல் என்று நூல்களை வகுத்தது நம் நன்னூல். வழிநூல் செய்தவனைத் திருடன் என்று நம் முன்னோர் கூறவில்லை. ஏடுகளைப் பெயர்த்தெழுதியவர்கள் இல்லையெனில், நம்மிடம் எந்த இலக்கியம் எஞ்சியிருக்கும்? இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர், நம் காப்பியங்களின் அமைப்பையும் நடையையும் மாணவராய் இருந்து கற்றுக்கொண்ட பின்னரே, 1726இல் 3,615 பாடல்களில் தேம்பாவணியைப் படைத்தார். பிறர் வழியில் நடந்து பழகிய கால்களே புனித சூசையப்பரின் காவியத்திற்கு அவரைக் கொண்டு சேர்த்தன.

நம் வீடுகளில் பாட்டனார் காலம் முதல் வாசிக்கப்பட்டு வந்த ‘கிறிஸ்துநாதர் அநுசாரம்’ என்னும் நூலை நினைத்துப் பாருங்கள். அநுசாரம் என்றாலே பின்பற்றுதல். அதன் ஆசிரியர் தாமஸ் கெம்பிஸ், துறவு மடத்தில் படியெடுப்பாளராய் வாழ்ந்தவர். விவிலியம் முழுவதையும் குறைந்தது நான்கு முறை தம் கையால் எழுதிப் படியெடுத்தவர். எழுத்து எழுத்தாகப் பின்பற்றிய அந்தக் கைதான், வாழ்வு வாழ்வாகப் பின்பற்றுவது எப்படி என்று உலகிற்கு எழுதிக் காட்டியது. தாம் கிறிஸ்துவைப் பின்பற்றுவது போல் தம்மைப் பின்பற்றுமாறு கொரிந்தியரிடம் கேட்ட பவுலடியார், சொந்தமாக ஒன்றும் தோன்றாதவரா?

ஓவியர்களின் வரலாறும் இதையே கூறும். சிறுவன் மைக்கலாஞ்சலோ, செர்மானியரான மார்ட்டின் ஷோங்காவரின் அச்சுப்படம் ஒன்றைப் பார்த்து வரைந்தான். வனத்து அந்தோணியாரைப் பேய்கள் அலைக்கழிக்கும் காட்சி அது. அந்தப் பேய்களில் சில மீனுருவம் கொண்டவை. அவற்றுக்கு வண்ணம் தீட்டுமுன் அச்சிறுவன் மீன் சந்தைக்குச் சென்று, மீன்களின் செதில்களையும் கண்களையும் உற்று நோக்கினான் என்று, அவர் வாழ்ந்த காலத்திலேயே, 1553இல் வெளியான கொண்டிவியின் வரலாற்று நூல் கூறுகிறது. படியெடுத்தல் அவனை அறைக்குள் அடைத்துவிடவில்லை, சந்தைக்கு அனுப்பியது! எங்களுக்கும் அவ்வாறே நேர்ந்தது. ஃபிரீட்ரிக்கின் கருங்கடலைத் தீட்டமுடியாமல் திணறிய நாங்கள், ஒரு விடியற்காலையில் புறநகர் ரயிலேறிக் காசிமேட்டுக்குச் சென்றோம். பல்லாண்டுகள் சென்னையில் வாழ்ந்தும், விடியுமுன் கடல் நீலமாக இருப்பதில்லை என்பதை அன்றுதான் கண்டோம்.

ஆங்கில ஓவியர் டர்னர் இளமையில், கூலிக்கும் இரவு உணவுக்குமாக, மருத்துவர் தாமஸ் மன்றோவின் இல்லத்தில் பிறருடைய படங்களைப் படியெடுத்துப் பயின்றவர். பின்னாளில் கடலோரக் காட்சிகளில் அவருக்கு நிகர் எவருமில்லை என்ற நிலை வந்தபோதும், தமக்கு வழிகாட்டிய பழைய ஓவியர் குளோது லொரேனை அவர் மறைக்கவில்லை. மீனவர்கள் மீனைத் துப்புரவு செய்து விற்கும் அதிகாலைக் காட்சி ஒன்றையும், கார்த்தேஜ் நகரை எழுப்பும் காட்சி ஒன்றையும் நாட்டுக்கு எழுதிவைத்த அவர், அவ்விரண்டும் குளோதின் ஓவியங்களுக்கு அருகிலேயே மாட்டப்படவேண்டும் என்று நிபந்தனை விதித்தார். ஆசிரியரை மறைப்பவனே திருடன். அவரருகில் தன்னை நிறுத்துபவன் மாணவன்.

வின்சென்ட் வான் கோ, 1889, 1890ஆம் ஆண்டுகளில் புனித ரெமி மருத்துவமனையில் நோயுற்றிருந்தபோது, மில்லேயின் உழவர் படங்களைக் கறுப்பு வெள்ளை அச்சுகளிலிருந்து படியெடுத்தார். தெலக்ருவாவைப் பின்பற்றி நல்ல சமாரியரையும், ரெம்பிராண்டைப் பின்பற்றி இலாசர் உயிர்பெற்றெழுவதையும் தீட்டினார். பிறர் இயற்றிய இசையைத் தன் விரல்களால் மீட்டும் இசைஞனுக்குத் தம்மை ஒப்பிட்டுத் தம்பிக்கு எழுதினார். துயரின் அடியாழத்தில் இருந்த ஒரு மனிதர், சமாரியர் காயமுற்றவனைத் தூக்கும் காட்சியைப் பிறர் கைபிடித்து வரைந்ததைப் ‘பார்த்து வரைதல்’ என்று இகழ நமக்கு நா எழுமா?

கற்கும் வாய்ப்பு மறுக்கப்பட்டவனைக் கேட்டால் அதன் அருமை தெரியும். 1848இல் பிறந்த இரவி வர்மா, திருவனந்தபுரம் அரண்மனையில் எண்ணெய் வண்ண நுட்பத்தைக் கற்க விரும்பியபோது, அங்கிருந்த இராமசாமி நாயக்கர் கற்பிக்க மறுத்தார். 1868இல் வந்த ஐரோப்பிய ஓவியர் தியோடர் ஜென்சன், தாம் வரைவதை அருகிலிருந்து பார்க்க மட்டுமே இசைந்தார். அந்தப் பார்வையைக் கொண்டே அவர் வளர்ந்தார்.

இங்கே ஓர் எல்லைக்கோட்டையும் நாம் வரையவேண்டும். பாரிசின் லூவர் அருங்காட்சியகத்தில் அமர்ந்து படியெடுப்போருக்கு விதிகள் உண்டு. படியின் அளவு மூலத்தினின்று ஐந்தில் ஒரு பங்கேனும் பெரிதாகவோ சிறிதாகவோ இருக்கவேண்டும். மூல ஓவியரின் கையொப்பத்தைப் போடக்கூடாது. எங்கள் படங்களின் பின்புறத்தில் ‘ஃபிரீட்ரிக்கைப் பார்த்து வரைந்தது’ என்று எழுதியிருக்கிறோம். பெயரைச் சொல்லிச் செய்தால் அது கல்வி. பெயரை மறைத்துச் செய்தால் அது பொய். பாவம் இருப்பது அந்தப் பொய்யில்தான்.

“அந்நியனைப் பார்த்து வரைந்து வரைந்தே நம் கலை அழிந்தது” என்று சொல்வோரும் உண்டு. இந்த வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. அலெக்சாண்டர் ஹண்டர் 1850இல் தொடங்கிய சென்னைக் கலைப்பள்ளி, ஆங்கில ஆட்சியில் ஐரோப்பிய வார்ப்புகளை மாணவர் முன் நிறுத்தியது மெய்தான். ஆனால், அதே பள்ளியில் பயின்று, பின்னர் அதன் முதல்வராகவும் விளங்கிய கே.சி.எஸ். பணிக்கர்தாம் 1966இல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை நிறுவினார். தமிழக ஓவியத்திற்குப் புதிய முகவரி தந்தார். மேலை முறையைக் கையால் அறிந்தவராதலின், அதை விட்டு வெளியேறவும் அவருக்குத் தெரிந்தது. படியெடுத்தலோடு நின்றுவிடுவதே குற்றம். அதில் தொடங்குவது குற்றமன்று.

ஆண்டவர் எங்கே?

இரண்டாம் கேள்விக்குச் சுருங்க விடை கூறலாம். இதே கேள்வியை 1809இல் ராம்தோர் என்ற திறனாய்வாளர் ஃபிரீட்ரிக்கிடமே எழுப்பினார். மலையுச்சியில் சிலுவை நிற்கும் நிலக்காட்சி ஒன்றை ஃபிரீட்ரிக் பீட ஓவியமாகத் தீட்டியபோது, இயற்கைக் காட்சி ஆலயத்திற்குள் நுழைவதா என்று அவர் சினந்தார். ஃபிரீட்ரிக் லூத்தரன் சபையைச் சேர்ந்தவர். நம் சபையினர் அல்லர். ஆயினும், அந்தத் துறவியின் முதுகுக்குப் பின்னால் ஐந்து மாதங்கள் நின்ற நாங்கள் அறிவோம்: அவர் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாரோ அதையே நாமும் பார்க்கும்படி நிறுத்தப்பட்டிருக்கிறோம். வானங்கள் கடவுளின் மாட்சியைக் கூறுகின்றன என்று திருப்பாடலை மாறி மாறிச் சொல்லும் நாம், முகம் வரையாத இடத்தில் கடவுள் இல்லை என்று எப்போது முடிவுசெய்தோம்? இந்தப் படத்தைப் பீடத்தில் வையுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. இதைப் பார்த்துக் கற்ற கண், நாளை பீடத்தில் வைக்கத்தக்கதை வரையக்கூடும் என்கிறோம்.

பத்தடி ஃபிளெக்ஸ்

இனி மூன்றாம் கேள்வி. மாஸ்டர் ஒரு நாள் தயங்கித் தயங்கிச் சொன்ன செய்தி இது. நாற்பது ஆண்டுகளுக்கு முன், புறநகர்ப் பங்கு ஒன்றின் திருவிழாவுக்காகக் கலிலேயக் கடலில் புயல் எழுந்த காட்சியைப் பெருந்துணியில் அவர் தீட்டிக் கொடுத்தார். படகின் முனையில் அஞ்சி நின்ற சீடருக்குத் தம் தந்தையின் முகத்தை வைத்தாராம். ஆண்டுதோறும் திருவிழா மேடையின் பின்னே அது தொங்கியது. ஃபிளெக்ஸ் வந்தபின் சுருட்டி வைக்கப்பட்டு, கூரை ஒழுகிய அறையில் மட்கிப்போயிற்று. இப்போது அங்கே தொங்குவது கணினி தானாகவே உருவாக்கித் தந்த படம். எங்களுள் இருவர் சென்று பார்த்தோம். பளபளப்பான வண்ணம், வெட்டும் மின்னல், அஞ்சி நிற்கும் சீடரின் வலக்கையில் ஆறு விரல்கள்!

ஆறு விரல்களைவிட எங்களை வருத்தியது வேறொன்று. சென்ற ஆண்டிலிருந்து அந்தப் படத்தின் முன் மன்றாடிவரும் நூற்றுக்கணக்கான இறைமக்களில் ஒருவரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. ஏன்? ஒரு கையை வரைந்து பார்த்தவனே கையைப் பார்க்கிறான். வரைவதை நாம் கைவிட்டோம். பார்ப்பது நம்மைக் கைவிட்டது. திருவழிபாடு முழுவதும் கண்ணுக்குப் புலனாகும் அடையாளங்களால் ஆனது. அப்பம், இரசம், நீர், எண்ணெய், திரி. இவற்றைப் பாராமல் பார்க்கும் மக்களாக நாம் ஆகிவிட்டால், பீடத்தில் நிகழ்வது மட்டும் நம் கண்ணில் படுமா?

எந்திரமும் படியெடுக்கிறது, நாங்களும் படியெடுக்கிறோம். எந்திரம் பத்து நிமிடங்களில் ஒரு பொருளைச் செய்கிறது. ஐந்து மாதங்களில் எங்கள் மாடியில் செய்யப்பட்டவை ஏழு சுமாரான படங்களும், முன்னைவிடச் சற்றே நன்றாகப் பார்க்கத் தெரிந்த ஏழு மனிதர்களும். விலையைக் கணக்கிடுவோர் இந்த இரண்டாம் வரவையும் ஏட்டில் எழுதிக்கொள்ள வேண்டுகிறோம்.

இது எங்கள் தனி விருப்பம் அன்று. 1963 டிசம்பர் 4ஆம் நாள் வெளியான திருவழிபாடு பற்றிய ஏட்டில், இரண்டாம் வத்திக்கான் சங்கம், வெறும் பகட்டை விடுத்து மேன்மையான அழகை நாடுமாறு கேட்டது. ஆயர்கள் கலைஞர்மேல் தனி அக்கறை கொள்ளவும், தேவையான இடங்களில் திருக்கலைப் பள்ளிகள் நிறுவப்படவும் விரும்பியது. 1999ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் கலைஞர்களுக்கென்றே மடல் வரைந்தார். கலைஞர்கள் நமக்கு இல்லாமலும் இல்லை. சென்னை அரசுக் கவின்கலைக் கல்லூரியின் முதல்வராயிருந்த அல்போன்சோ தாஸ், கிறிஸ்துவைத் தம் வண்ணங்களில் மீண்டும் மீண்டும் தேடியவர். நாம் எத்தனை பேர் அவருடைய ஓவியம் ஒன்றையேனும் நம் சுவரில் ஏற்றிருக்கிறோம்?

பெரிய திட்டம் எதையும் நாங்கள் கேட்கவில்லை. ஒவ்வொரு பங்குப் பேரவையும் ஃபிளெக்ஸுக்குச் செலவிடும் தொகையில் ஒரு பகுதியை ஒதுக்கி, தூரிகை பிடிக்கத் தெரிந்த முதியவர் ஒருவரைத் தேடிக் கண்டுபிடிக்கட்டும். வேலையிழந்த பேனர் ஓவியர்களும் பெயர்ப்பலகை எழுதியவர்களும் நம் தெருக்களிலேயே இருக்கிறார்கள். கோடை விடுமுறையில் மறைக்கல்வி பயிலும் சிறார்க்கு அவர்கள் கட்டம் போடக் கற்றுக்கொடுக்கட்டும். ‘கற்பனைத் திறன்’ போட்டிக்குப் பரிசளிக்குமுன், நல்ல ஓவியம் ஒன்றை உற்றுப் பார்த்துப் படியெடுக்கும் பொறுமைக்கு ஒரு பரிசு வையுங்கள். வரையப்பட்ட பழைய திரைகளைக் குப்பையில் எறியுமுன் ஒருமுறை விரித்துப் பாருங்கள். யாரோ ஒருவருடைய தந்தையின் முகம் அதில் இருக்கலாம்.

பாஸ்கா முடிந்த வாரத்தில், கட்டுமரம் வரைந்து அழித்த எங்கள் இளைஞர், சிறியதொரு பலகையைத் தூக்கிக்கொண்டு விடியற்காலையில் கொரட்டூர் ஏரிக்கரைக்குச் சென்றார். அவர் தீட்டிக் கொணர்ந்த படத்தில் தாழ்ந்த கரை, கருத்த நீர், பெரிய வானம். கரையில் ஒரு மனிதர், மடித்துக் கட்டிய லுங்கியும் தோளில் துண்டுமாக, நமக்கு முதுகு காட்டி நிற்கிறார். நீரின்மேல் ஒன்றும் இல்லை. மாஸ்டர் அதை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு, “இது எதைப் பார்த்து வரைந்தது, தம்பி?” என்று கேட்டார்.

“ஏரியைப் பார்த்து, மாஸ்டர்” என்றார் அவர்.